பன்னிரண்டாம் நாள்

ஜனவரி 8
தொண்ணூற்று நாலு நாளாகிறது, இன்னும் மாதவிலக்கு வரவில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி என்று டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பத்து நாள் போட்டால் வந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நாளும் தலை சுற்றும், குமட்டும், யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுவேன். போதும்டா சாமி என்று நிறுத்திவிட்டேன். மீதி அட்டைகளைக் குப்பையில் போடச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று.

இன்று ஊசி வைத்தியம் செய்கிற அக்காவிடம் முதல் தடவை. வயதில் எனக்குச் சின்னவள்தான், தொழில் மரியாதைக்கு அக்கா. கணுக்காலில் நாலு ஊசி, வயிற்றில் ஆறு. பிறகு எண்ணெய் தொட்டு அடிவயிற்றை வட்டமாக நீவினாள். வீட்டில் தினமும் சாயங்காலம் தொட்டியில் இடுப்பளவு வெந்நீரில் பத்து நிமிஷம், பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் உட்காரணும். எழுந்ததும் அவள் தந்த பொடியைக் கலக்கிக் குடிக்கணும்.

அவர் வாளி வாளியாகச் சுமந்தார். பொடியையும் நானே கலக்கித் தருகிறேன் என்றார். இந்த மனுஷனைப் போய் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்!

ஜனவரி 29
பொடித் தண்ணீர் இன்று கசந்தது. புதுப் பொட்டலம் என்கிறார்.

பிப்ரவரி 10
வந்துவிட்டது. மாத்திரை இல்லாமல், தானாக! கழிவறையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக என் உடம்பு என் பேச்சைக் கேட்டிருக்கிறது. அவரிடம் சொன்னேன். தலையைத் தடவிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார்.

பிப்ரவரி 28
மறுபடி கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

மார்ச் 12
வந்தது. சரியாக முப்பது நாள்.

கம்பெனியில் நான் துணி சோதிக்கிற மேஜைக்கு எதிரே பட்டன் தைக்கிற மெஷின். அதில் உட்காருகிறவளை நாங்கள் எல்லோரும் பட்டன் என்றே கூப்பிடுவோம். அவளுக்கும் இதே தொந்தரவு. மாத்திரையைத் தூக்கிப் போடு, என்னைப் பார் என்றேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அவளுக்கு வகுப்பெடுத்தேன். நாளையிலிருந்து நிறுத்துகிறாளாம்.

மார்ச் 30
கசப்பு.

ஏப்ரல் 11
வந்தது. ஊசி அக்கா கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

ஏப்ரல் 14
ஒரு ரோல் துணியில் முக்கால் மீட்டருக்கு ஒரு கீறல். ஒன்றிரண்டுதானே, விடுங்கள் என்றார் சூப்பர்வைசர். ஒரே தூரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயல் இல்லை சார், எங்கேயோ உருளையில் பிசிறு இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். கசப்பு ஞாபகம் வந்தது. ஏன் மாதத்தில் ஒரு பத்து நாள் மட்டும்?

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். கசப்பு தொடங்கிய ஜனவரி 29லிருந்து பன்னிரண்டாம் நாள் வந்திருக்கிறது. பிப்ரவரி 28லிருந்து பன்னிரண்டாம் நாள். மார்ச் 30லிருந்தும் பன்னிரண்டு.

பத்து நாள் போட்டு நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும் என்று டாக்டர் சொன்னது காதிலேயே இருக்கிறது. இல்லை, இருக்காது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

ஏப்ரல் 15
இருந்தது. அவருடைய ரிப்பேர் பெட்டியில், ஸ்க்ரூ டப்பாவுக்குள். மூன்று அட்டை காலி, நாலாவது முழுசு.

அவர் மறுக்கக்கூட இல்லை. ஊசி குத்தினால் எங்கேயாவது வருமா, மாசக்கணக்கில் வராமலிருந்தால் கர்ப்பப்பைக்கு ஆபத்து என்று டாக்டரே சொன்னாரே, உன் நல்லதுக்குத்தான் என்றார். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்குவாராம்.

"பிப்ரவரியில அழுதேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றது?"

அடப்பாவி மனுஷா. நீங்க சொன்னது வாஸ்தவமாவே இருக்கட்டும். என் வாயில என்ன போகுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? என் உடம்பு என் பேச்சைக் கேட்டுதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனே — அது கேட்டது உங்க கரண்டியோட பேச்சையா? மூணு மாசமா நான் யாரு இந்த வீட்ல? மனுஷியா, வளர்ப்புப் பிராணியா?

ஏப்ரல் 16
தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு வாய் தண்ணீர்கூட அவர் கையால் வாங்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 17
பட்டனிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி? அவளுக்கு இந்த மாதம் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னதாலதானே நிறுத்தினேன் அக்கா" என்றாள். அப்புறம் மெஷினை ஓட விட்டாள். அவர் என்னை ஏமாற்றினார், நான் அவளை ஏமாற்றியிருக்கிறேன்.

மே 23
நாற்பத்திரண்டு நாள். வரவில்லை. இந்தக் கணக்காவது என்னுடையது.

ஜூன் 20
போன வாரம் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஊசியும் தொட்டியும் கெடுதல் இல்லை, உடம்புக்கு இதமாக இருந்தால் செய், ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் விடாதே என்றார். குமட்டலைச் சொன்னேன். வேறு மாத்திரை எழுதினார். தொட்டியை நிமிர்த்தியிருக்கிறேன், வாளியை நானே தூக்குகிறேன். அவர் வாசற்படியில் நின்று பார்க்கிறார்.

பட்டன் இரண்டு மாதமாக வேறு மேஜையில் சாப்பிட்டாள். போன மாதம் எட்டு நாள் விடாமல் உதிரம் போய் அவள் லீவு போட்டது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாத்திரை போடறீங்களா அக்கா?"

"இன்னைக்குக் காலையில ஆரம்பிச்சேன்."

"உங்க கையாலயா?"

"என் கையாலதான். தண்ணியும் நானே பிடிச்சேன்."