நீ பார்த்த திமிங்கலம்

இன்று காலை மக்காச்சோளக் கொல்லையில் கிளிகள் இறங்கிவிட்டன. கதிர் பால் பிடிக்கிற நேரம். தகர டப்பாவையும் குச்சியையும் கையில் எடுத்தவள், அடிக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். உன் சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. தின்றுவிட்டுப் போகட்டும் என்று வரப்பில் உட்கார்ந்து உன்னோடு சண்டை போட ஆரம்பித்தேன். செத்தும் என் வேலையைக் கெடுக்கிறாயே, இது நியாயமா?

நம் மகளிர் குழு வேன் பிடித்துப் பாண்டிச்சேரி போனதே, அந்தப் பயணம்தான். எல்லோரும் கோயில், துணிக்கடை என்று திட்டம் போட, நீ மட்டும் போட்டில் போய்த் திமிங்கலம் பார்க்கணும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். சங்கராபுரத்து வளையல் கடைக்குள்ளேயே காலத்தைக் கழித்தவளுக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்டேன்.

"ரெண்டு பொண்ணையும் கட்டிக் குடுத்துட்டேன். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு பாக்கணும்டி. நீ வர்றியா, நான் தனியா போவட்டா?"

கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறவள் நான். உன்னைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாததுமாக ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகேறினோம். குழுவில் வேறு ஒருத்தியும் வரவில்லை. "திமிங்கலம் எப்பயோ ஒரு தபாதாம்மா வரும், ஓங்கல் பாக்கலாம்" என்றார் படகோட்டி. டால்பினுக்கு அவர்கள் பேச்சில் அதுதான் பெயராம்.

நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தினார். "தோ, ஆலாங்க கூட்டமா தண்ணியில வுழுதுங்க பாருங்க. கீழ மீனு இருக்குது. ஓங்கலு அங்கதான் வரும். சத்தம் போடாதீங்க." வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் நம் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தன. பறவைக் கூட்டம் இறங்கினால் என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். டிபன் பாக்ஸ் மூடியை எடுத்துப் படகில் டமடமவென்று தட்டி, "ஏஏய்... ஊஊய்..." என்று கத்தியே விட்டேன்.

"யம்மா! இன்னாம்மா பண்றீங்க? இது உங்க கொல்லையா?"

அத்தனையும் பறந்துவிட்டன. நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மீனுங்கல்லாம் சேந்து உனுக்குக் கோயில் கட்டும்டி!" ஆனால் சிரிப்புக்கு நடுவே உன் கண் அந்த வெறும் தண்ணீரையே தேடித் தேடிப் போனதை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு படகு ஆடிய ஆட்டத்தில் குடல் புரண்டு, வாளிக்குள் தலையை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ அலறினாய். "திமிங்கலம்மா!" என்று படகோட்டியும் கத்தினார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு கேட்டது. நான் தலை நிமிர்வதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது.

"பாத்தியாடி? பாத்தியா?" உன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்தவள். இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

"பாத்தேன்டி. எம்மாம் பெருசு!"

அன்று பிடித்த சனி. கட்டையைப் பார்த்துவிட்டுக் கதை விடுகிறாள் என்று குழுவில் எல்லோரும் உன்னைக் கேலி செய்தார்கள். "நம்பலன்னா அவளக் கேளு" என்று நீ என்னைக் கை காட்டுவாய். கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில், உன் கடை வாசலில் என்று எங்கே கேட்டாலும் நீ சொன்னதையே கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். இது பொய் என்று தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்ற பயம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், பேசவே சிரமப்பட்ட நிலையில், என் கையைப் பிடித்துக் கேட்டாய்: "நாம ரெண்டு பேரும் பாத்தோம்ல? சொல்லுடி." உண்மை நாக்கு நுனி வரை வந்தது. துணிச்சல் வரவில்லை. "ஆமாண்டி" என்று முடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போன வாரம் உன் பெரிய பெண் வந்திருந்தாள். தாங்க முடியாமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பெரிம்மா, அது அம்மாவுக்கு அப்பவே தெரியும். 'அவ எங்க பாத்தா? வாந்தி எடுத்துக்கினு இருந்தா. ஆனா நான் பாத்தத வுட அவ சொல்றது நல்லா இருக்குது. அத கேக்கறதுக்கோசரம்தான் நாலு பேர் முன்னால அவள இழுத்து வுடறேன்'னு சொல்லும்."

அடிப்பாவி! எத்தனை நாள் என்னைத் தவிக்கவிட்டாய்! கோபத்தில் உன் பெண் முன்னாலேயே உன்னைத் திட்டித் தீர்த்தேன். அவள் ஊருக்குப் போன பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. நீ அன்று சாட்சி கேட்கவில்லையே. கதை கேட்டாய். கடைசியாக ஒரு தடவை என் வாயால் கேட்க ஆசைப்பட்டவளிடம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேனே.

இப்போது சொல்கிறேன், கேள். மொதல்ல தண்ணி லேசா மேடு கட்டிச்சி. நான் உன் தோளப் புடிச்சிக்கினேன். அப்பறம் முதுகு வந்திச்சி பாரு, மழையில நனைஞ்ச கல்வராயன் மலையாட்டம், வந்துக்கினே இருந்திச்சி. முடியவேயில்ல. நாம ரெண்டு பேரும் பாத்துக்கினே இருந்தோம்.