பூஜையன்று அணைத்த கம்ப்யூட்டர்

ஆரம்பாக்கம்
அக்டோபர் 8

அன்புள்ள ஸ்நேகா அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஸ்நேகாவும் சுகம். ஓமானில் நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். என் போனைக் கம்பெனியில் வாங்கிப் பார்த்துவிட்டார்கள். உங்களோடு பேசிய நேரம், அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் மேனேஜர் வரதன் சார் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எடுத்த படத்தைக்கூட விடவில்லை. அதனால் முக்கியமானதை இனி காகிதத்தில்தான் எழுதுவேன். உங்கள் கேம்பிலேயே இருக்கிற நம் தெரு ஸ்டீவன் லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். ஸ்நேகா காலாண்டுத் தேர்வில் எல்லாவற்றிலும் நன்றாகவே வாங்கியிருக்கிறாள், இயற்பியலில் மட்டும் கொஞ்சம் குறைவு. பிளஸ் டூ என்கிற பயம் எனக்குத்தான் இருக்கிறது, அவளுக்கு இல்லை. சமையலறைக் கூரை ஒழுகிய இடத்தில் தார் ஷீட் ஒட்டியாயிற்று. மழை இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை, புழுக்கம் ஆளைக் கொல்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி லேபில் நீங்கள் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்ட அந்தப் பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்தையும் போல அதையும் அணைத்தார்கள். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை போட்டால், வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக ஏதேதோ வருகிறது. அதன் சொந்த நம்பர் வர வேண்டிய இடத்தில் எஃப் எஃப் எஃப் என்று வரிசையாக நிற்கிறது. எப்படியோ தட்டுத் தடுமாறி உள்ளே போனாலும், இரும்பைச் சோதிக்கிற புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரில் ஓட எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. ஸ்நேகாவைவிடப் பதினோரு வயது பெரிய கம்ப்யூட்டர், என்றாவது ஒருநாள் போகும்தான். ஆனால் போன விதம் யாருக்கும் பிடிக்கவில்லை.

உருக்கின இரும்பில் கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று அது சொன்னால்தானே உலையைக் கவிழ்ப்பார்கள்? இப்போது ஒவ்வொரு துண்டையும் பைக்கில் சென்னை லேபுக்கு அனுப்பி, பதில் வரும்வரை உலையைக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எரிச்சல் எல்லாம் என் பக்கம் திரும்பியிருக்கிறது. புரமோஷன் தரவில்லை என்று ஜூலையில் நீங்கள் வேலையை விட்ட அன்று கேட்டில் நின்று சொன்னது நினைவிருக்கிறதா? "நா இல்லாம அது எப்டி ஓடுதுன்னு நானும் பாக்குறேன்" என்றீர்கள். வாட்ச்மேன் முதல் வரதன் சார் வரை எல்லோரும் கேட்டார்கள். உலை ஃபோர்மேன் லோகநாதன் அண்ணன் நேற்று கேன்டீனில் எல்லார் முன்னாலும், "உன் ஊட்டுக்காரு பூட்டு போட்டுட்டுப் போய்க்கினாரு, சாவி உங்கிட்ட கீதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதற்கப்புறம் என் மேஜையில் யாரும் சாப்பிட உட்காரவில்லை.

மாதக் கடைசிக்குள் கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, உங்கள் பெயரில் போலீஸில் எழுதிக் கொடுப்பேன் என்கிறார் வரதன் சார். போலீஸ் என்பது மிரட்டலாக இருக்கலாம். வேலை போவது மிரட்டல் இல்லை. பேக்கிங்கில் சேர்ந்து, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு, லேப் நாற்காலியில் உட்கார எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. அதை நீங்கள் வாங்கித் தரவில்லை, நானே வாங்கினேன். உங்களால் அது போனால் நான் பொறுக்கமாட்டேன், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் சந்தேகம் இருக்கிறது. கடைசி வாரம் மூன்று நாள் ஷிப்ட் முடிந்தும் நீங்கள் லேபை விட்டு வரவில்லை. என்ன வேலை என்று கேட்டதற்கு, "உனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி" என்றீர்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற பச்சைப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஓமானுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். பழைய துணி வைக்கிற பெட்டிக்குச் சாவி அங்கே எதற்கு? அந்தக் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்தீர்களா, எதையாவது கழற்றி எடுத்தீர்களா? இல்லை என்றால் ஒரு வரி போதும். ஆமாம் என்றால் எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வரி எழுதுங்கள். நான் யாரிடமும் காட்டமாட்டேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சாராள்


ஆரம்பாக்கம்
அக்டோபர் 19

அன்புள்ள ஸ்நேகா அப்பாவுக்கு,

ஸ்டீவனுக்கு விசாவில் ஏதோ சிக்கல், பயணம் தள்ளிப் போய்விட்டது. அதனால் முதல் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று எடுத்தேன், மனசு வரவில்லை. உங்களைப் பற்றி என்ன நினைத்தேன் என்று நீங்களும் படியுங்கள். இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறேன்.

போன திங்கட்கிழமை போனில் நான் ஜாடையாகக் கேட்டேன். பச்சைப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டர் எடுக்க வேண்டும் என்றேன். இந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்றுதான் எந்த மனுஷனும் கேட்பான். நீங்கள் கேட்கவில்லை. "அந்தப் பொட்டியத் தொடாத சாரா, அதுல ஒண்ணுமில்ல" என்றீர்கள். ஒன்றும் இல்லாத பெட்டியைத் தொட்டால் என்ன? போனை வைத்ததும் அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தேன்.

உங்கள் பழைய யூனிஃபார்முக்கு அடியில் ஒரு சின்ன டப்பா இருந்தது. உள்ளே ரோஸ் நிற ஸ்பாஞ்சில் குத்தி வைத்த ஒரு கறுப்பு ஐசி, கம்ப்யூட்டர் போர்டில் மாட்டுகிற சிப், என் கட்டைவிரல் அளவு. அதைச் சுற்றி ஒரு சீட்டு, அதில் உங்கள் கையெழுத்தில் ஆறு ஜோடி எண்ணும் எழுத்தும், கீழே மார்ச் 2022 என்று தேதி. கம்ப்யூட்டரின் உயிரைக் கழற்றி வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். ஸ்நேகா என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் திருடி மாதிரி ஆகிவிட்டேன்.

புதன்கிழமை சென்னையிலிருந்து கணேசன் என்று ஒருவர் ரிப்பேருக்கு வந்தார். இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர்களை மட்டும் பார்க்கிறவராம். வரதன் சார் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார், நான் வரதன் சார் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கணேசன் மீட்டரை வைத்துப் பார்த்தார், ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் குறைவாக வந்தது. பவர் சப்ளையைப் பிரித்துத் தலை வீங்கிய இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினார். வோல்ட் சரியாயிற்று, திரை மட்டும் அப்படியே எஃப் எஃப் என்றது. மெமரி அட்டைகளைக் கழற்றி அவற்றின் பற்களை ஸ்நேகாவின் பென்சில் ரப்பர் மாதிரி ஒன்றால் தேய்த்து மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வரதன் சார், யாராவது பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்களா, எதையாவது உருவியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் கணேசன் போர்டில் ஓர் இடத்தைக் காட்டினார். நம் வீட்டு டப்பாவில் இருந்ததைப் போலவே ஓர் ஐசி அங்கே அதன் குழியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும், நீங்கள் எதையும் கழற்றவில்லை என்று தெரிந்ததும், எனக்கு அழுகை வந்துவிட்டது. தும்முகிற மாதிரி நடித்தேன்.

"யாரும் பூட்டும் போடல ஒண்ணும் போடல சார்" என்றார் கணேசன். "இதுக்குள்ளயே பேட்டரி கீது. அது செத்து வருசக்கணக்காவுது. கரண்ட்டு இருந்த வரிக்கும் மிஷினுக்கு அதோட நம்பரு ஞாபகம் இருந்துது. நீங்க ஆஃப் பண்ணீங்க, மறந்துடுச்சு. அந்த நம்பரப் பாத்துதான் உங்க புரோகிராம் ஓடும். ஐசி எங்கனா கிடைக்கும். நம்பரு யாருனா எழுதி வெச்சிருந்தாதான் உண்டு." அப்புறம் யார் அணைத்தது என்று கேட்டார்.

அணைத்தார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதினேன் இல்லையா, அது நான்தான். ஒவ்வொரு வருஷமும் பூஜையன்று உலையிலிருந்து டிரில்லிங் மிஷின் வரை எல்லாம் அணைந்து, குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும். நீங்கள் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்க விடமாட்டீர்கள். நீங்களே அதற்குக் குங்குமம் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். வேதக்காரர் ஊட்டு மிஷினுக்கு சாமியும் கிடையாது லீவும் கிடையாது என்று லோகநாதன் அண்ணன் சொல்லுவார். அந்தப் பேச்சு இந்த வருஷமாவது வரக்கூடாது என்று, யாரும் சொல்லாமலே, நானே முறையாக ஷட் டவுன் கொடுத்து, யூபிஎஸ்ஸையும் அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். "இப்பதான் சாரா நம்ம ஆளு" என்றார் அவர். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

கணேசன் கேட்டபோது எல்லோர் எதிரிலும், நான்தான் அணைத்தேன் என்றேன். வரதன் சார் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

அரிசி டிரம்மில் இருந்த சீட்டு என்ன என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதைக் கொண்டுபோனால் கம்ப்யூட்டர் பிழைக்கும், என் நாற்காலியும் பிழைக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள், உங்கள் பெயர் நாறிப்போகும். கொண்டுபோகாவிட்டால் உங்கள் பெயரும் பிழைக்காது, நானும் பிழைக்கமாட்டேன். மறுநாள் காலை சூலூர்பேட்டை லோக்கல் ரயிலில் மடியில் அந்த டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். எளாவூர் தாண்டும்போதுதான் முடிவு செய்தேன். நம்பரை ஒரு பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதினேன். லேப் அலமாரியின் கீழ்த் தட்டில், பழைய ஃபைலுக்குள் இரண்டும் கிடந்தன என்று சொன்னேன்.

கணேசன் ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூசி இல்லாத ஸ்பாஞ்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வரதன் சார் பக்கம் திரும்பி, "பழைய லேபுல இதெல்லாம் எங்கனா கெடக்கும் சார்" என்றுவிட்டார். மாட்டி, அந்த ஆறு ஜோடியையும் அடித்தார். பத்து நிமிஷத்தில் புரோகிராம் திறந்தது. முதல் துண்டுக்குக் கார்பன் அளவு வந்தபோது லோகநாதன் அண்ணன் விசிலடித்தார். கணேசன் கிளம்பும்போது என்னிடம் மட்டும், "இத்த வாங்கி வெச்சவரு நல்லா வேல தெரிஞ்சவரும்மா. வாங்கினவரு இன்னாத்துக்கு மாட்டாம வெச்சாருன்னுதான் எனக்குப் புரியல" என்றார்.

என் வேலை இருக்கிறது. எங்கே கண்டெடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள், தந்தேன். என் பெயரைப் போட்டு நான் எழுதிய முதல் பொய் அது. உங்கள் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன், அதை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம்.

நீங்கள் எதையும் உடைக்கவில்லை, எதையும் திருடவில்லை. பேட்டரி செத்தது மூன்று வருஷமாக உங்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை, அவ்வளவுதான். புரமோஷன் தராத கம்பெனி ஒருநாள் உங்களைத் தேடி வந்து கும்பிட வேண்டும் என்று வைத்திருந்தீர்களோ என்னவோ. அதைக்கூட நான் புரிந்துகொள்வேன். ஆனால் பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். நாளைக்குத்தானே கம்பெனியில் பூஜை என்று நீங்களே கேட்டீர்கள். ஆமாம், நான்தான் லேபை அலங்கரிக்கப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தீர்கள். அப்புறம் அங்கே மழை உண்டா என்று கேட்டீர்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். லைன் சரியாக இல்லை, காதில் விழவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், நம்புகிறேன். மறந்துவிட்டது என்றாலும் நம்புகிறேன். அணைக்கப் போகிறவள் நான் என்று தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்றால், அதையும் எழுதுங்கள். கத்துவேன், அழுவேன், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது கறிக்குழம்பும் வைப்பேன். தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை. போனில் சொல்ல வேண்டாம், உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். உங்கள் வாயையும் திறக்கட்டும்.

உங்கள் மனைவி
சாராள்