அக்கா, நான் உங்களை மன்னித்தேனாம்

அக்கா,

முந்தாநாள் திராட்சை வேகவைத்த வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. முந்தானையில்கூட இருக்கிறது. கறுப்பு உலர்திராட்சையை ஊறப்போட்டு, வேகவைத்துப் பிசைந்து, திருவிருந்துக்கு ரசம் வடிக்கிற வேலை இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இத்தனை வருடமும் உங்கள் அடுப்பில் ஏறிய பாத்திரம் அது. சேந்தமங்கலத்துக் கடைக்கார பாய் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்கம்மா, எப்பவும் வர்ற அந்தம்மா வரலீங்களா? காம்பு கெடக்குது, கல்லு கெடக்குதுன்னு என்ற உசுர எடுப்பாங்களே." நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது. பிறகு ஒரு பிடி அள்ளிப் பொட்டலத்தின் மேல் போட்டுக் கட்டினார்.

பாத்திரத்தை என்னிடம் கொடுக்கும்போது போதகரம்மா சொன்ன சொல்தான் என்னை இதை எழுத வைக்கிறது. "பெரிய மனசு இருக்கற கையில போகட்டும்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு மறதி வராது என்று உங்களுக்குத் தெரியும். என் கல்யாணப் பந்தியில் என் அப்பனுக்கு இலை போடாமல் தாண்டிப் போனவன் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் மற்றவர்கள் தலையைக் குனிவார்கள். எனக்கோ முதுகு நிமிரும். எனக்கு வழக்கு நிறைய இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆண்டவர் கேட்கப் போகிறார், நான் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பு. இரட்சிப்பு எனக்கு, தீர்ப்பு அவர்களுக்கு என்று நானே பங்கு பிரித்து வைத்திருந்தேன். ஒருநாள் மிளகு உதிர்த்துக்கொண்டே உங்களிடம் அதைச் சொன்னபோது சிரித்தீர்கள். "அன்னைக்கு ஊரையெல்லாம் விசாரிச்சு முடிச்சுப்போட்டாலும் உன்ற கேசு மட்டும் இழுத்துட்டே கெடக்கும் பாரு கண்ணு" என்றீர்கள். நானும் சிரித்தேன். அப்போது நமக்குள் சண்டை ஒன்றும் இல்லை.

என் மகன் காளப்பநாயக்கன்பட்டியில் குடித்துவிட்டு, அன்னாசி இறக்கிய காலி வண்டியை மலைமேல் ஏற்றி வந்த சாயங்காலம் எல்லாம் மாறியது. கொண்டை ஊசி வளைவு முழுக்க ஏறிவிட்டு, மேலே நம் ஊர்ப்பக்கம், வாழவந்தி நாட்டுக்குள் நேரான ரோட்டில் வந்து உங்கள் வீட்டுக்காரர் மேல் மோதினான். அவர் தீவனக்கட்டோடு முன்னால் நடந்துகொண்டிருந்தார். நீங்கள் பத்தடி பின்னால். வண்டியை விட்டு இறங்கியவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். சின்னதில் உங்கள் மடியில் தூங்கியவன்தானே. நாமக்கல் ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டுக்காரரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் அங்கே வந்தது அவரைப் பார்க்க அல்ல. அது உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். குடித்து ஓட்டியது என்று எழுதினால் பையன் உள்ளே போய்விடுவான், வேறு ஆள் ஓட்டியதாகச் சொன்னால் சுலபமாக முடிந்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். என் தம்பி நான் போகிறேன் என்றான். அவனிடம் லைசென்ஸ் இருந்தது, குடிக்கிற பழக்கமும் இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வராந்தாவில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஓட்டுனது என்ற தம்பின்னு சொல்லிப்போடுங்க. அவனே ஒத்துக்கறான்."

"அவன் அன்னைக்கு மலையிலயே இல்லையே சாமி."

"இல்லாட்டி என்னங்க? தப்பு செஞ்சது ஒருத்தரு, தண்டனை பட்டது இன்னொருத்தரு. ஆண்டவரே அப்படித்தானுங்க செஞ்சாரு? அதைத்தான வாராவாரம் பாடறோம்?"

அக்கா, இதை எழுதும்போது காது சுடுகிறது. காலை எடுத்த மனிதர் உள்ளே முனகிக்கொண்டு கிடக்கிறார். அவர் பெண்டாட்டியிடம் சிலுவையைக் காட்டிப் பொய் கேட்டேன். பெரிய பாயிண்டைப் பிடித்துவிட்டேன் என்ற எண்ணம் வேறு.

நீங்கள் கோபிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தீர்கள்.

"அவரு ஆரை ஏமாத்தறதுக்குச் சிலுவையில தொங்குனாரு கண்ணு? செஞ்சது இன்னாரு, செஞ்சது இன்னதுன்னு வெட்டவெளிச்சமா வெச்சுட்டுத்தான் சுமந்தாரு. உன்ற தம்பி போனான்னா, செஞ்சவன் ஆருன்னே இல்லாமப் போயிரும். அப்பறம் நான் ஆரைப் புடிச்சு மன்னிக்கறது? தப்பே செய்யாதவனையா?"

நான் கையை உதறினேன். நீங்கள் விடவில்லை.

"உன்ற பையனை நான் மன்னிக்கோணும். அதுக்கு அவன் வந்து நிக்கோணும். வேற ஆளை அனுப்பாத."

போலீஸ் வந்து கேட்டபோது என் மகன் பெயரைச் சொன்னீர்கள். அவன் உள்ளே போனான். கூடப் பிறக்காத உங்களை அத்தனை வருடம் அக்கா என்று கூப்பிட்டதை நான் அன்றைக்கே நிறுத்தினேன். யாரிடமாவது பேசும்போது "அவ" என்பேன். உங்கள் வீட்டில் இனிக் கை நனைக்க மாட்டேன் என்று தெருவில் நின்று சொன்னேன். நீங்கள் கொடுத்தனுப்பிய சாமை அரிசியை வாசலோடு திருப்பினேன். அவனைப் பார்க்க நீங்கள் பஸ் மாறிப் போனதையும், வேகவைத்த குச்சிக்கிழங்கு கொண்டு போனதையும், "உன்னை மன்னிச்சுட்டண்டா சாமி, வந்து சேரு" என்று சொன்னதையும் அவன் வெளியே வந்து சொன்னபோது எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. மாட்டிவிட்டதும் அவள், மன்னிக்கிறதும் அவளா என்று கத்தினேன். அவன் அடுத்த மிளகு பறிப்புக்கு ஏணியை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டான். உங்கள் வீட்டுக்காரர் கீழே கட்டிலில் உட்கார்ந்து அதட்டுவாராம்: "டேய், அந்தக் கொடியை உட்டுட்டயே. எனக்குக் கால்தான் போச்சு, கண்ணு போவல." அவன் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. அது எதனால் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் உங்களிடம் வர வேண்டியிருக்கும்.

நம் சபையில் ஒரு கட்டு உண்டே. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, சண்டைக்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்துவிட்டு வர வேண்டும். நனைக்காவிட்டால் இரண்டு பேரும் பந்திக்கு வரக்கூடாது. அந்த வருடம் சனிக்கிழமைக் கூட்டத்தில் போதகர் நம் இரண்டு பேரையும் பார்த்தார். நான் போக மாட்டேன் என்றேன். அப்போது நீங்கள் எழுந்தீர்கள்.

"அவளுக்கு மனசு நொந்தது என்னாலதானுங்க ஐயா. அவ வரட்டும். நான் ஒதுங்கி இருந்துக்கறேன்."

போதகர் ஏதோ சொல்ல வந்தார். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். அடுத்த நாள் நான் முன்னால் போய் அப்பம் வாங்கினேன், ரசம் குடித்தேன். நீங்கள் கடைசிப் பாயில், புதிதாய்ச் சேர்ந்து இன்னும் பந்திக்கு வராத பிள்ளைகளோடு இருந்தீர்கள். நான் திரும்பி வரும்போது உங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தீர்ப்பு எனக்குச் சாதகமாய் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு தடவை அல்ல, அதற்குப் பிறகு வந்த அத்தனை திருவிருந்திலும் அப்படித்தான். நான் குடித்த ரசத்தை வேகவைத்ததும் நீங்கள்தான். நீங்கள் அதை வாயில் வைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் படுத்துவிட்டீர்கள். போதகர் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவருவதாகச் சொன்னார். அவ வராம எனக்கு வேண்டாமுங்க என்றீர்களாம். என் மகன் வந்து கூப்பிட்டான். "அம்மா, வாம்மா. உனக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க." அப்போது எனக்குக் கோபம் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எந்த முகத்தோடு வருவது என்பதுதான் இருந்தது. ஆனால் வெட்கப்படத் தெரியாதவள் கோபப்பட்டுக்கொண்டேதான் வருவாள். அப்படித்தான் வந்தேன்.

உங்கள் மருமகள் காப்பி கொடுத்தாள். கை நனைத்ததாக இருக்கட்டும் என்று நின்றுகொண்டே பாதி குடித்தேன். போதகர், உங்கள் வீட்டுக்காரர், என் மகன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நீங்கள் என் கையைத் தேடிப் பிடித்தீர்கள். உள்ளங்கை சுட்டது.

"உன்ற மனசை நோகடிச்சுப்போட்டேன். என்னை மன்னிச்சுக்க கண்ணு."

அக்கா, அந்த இடத்தில் நான் உங்கள் காலடியில் விழுந்திருக்க வேண்டும். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று கத்தியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. உங்கள் கை பட்டவுடனேயே முழுக்கத் தெரிந்தது. இருந்தும் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"செரி, உட்டுட்டேன் போங்க."

பெரிய நீதிபதி மாதிரி. நீங்கள் கண்ணை மூடிச் சிரித்தீர்கள். போதகர் அப்பத்தை ரசத்தில் நனைத்து உங்கள் நாக்கில் வைத்தார். எத்தனை வருடத்துக்குப் பிறகு! நீங்கள் அதைக் கரையவிட்டு மெதுவாய் விழுங்கியதைப் பார்த்தேன். அந்த வாரத்திலேயே போய்விட்டீர்கள்.

அடக்க ஆராதனையில் போதகர் பிரசங்கம் பண்ணினார். மன்னிக்கிற மனது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என்னைக் காட்டினார். மகனைச் சிறைக்கு அனுப்பியவளையே மன்னித்த தாய் என்றார். பெண்கள் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். உங்கள் பெட்டியை என் மகன் முன்பக்கம் தூக்கியிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் பெரிய மனசு, பெரிய மனசு என்றார்கள். உங்கள் பாத்திரமும் அந்தப் பேரோடுதான் வந்தது.

முந்தாநாள் சனிக்கிழமை ரசத்தை வடித்து மூடிவைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன். போதகர் வழக்கம்போல, யாருக்காவது யாரோடாவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுந்தேன். பின்னால் யாரோ, "ஆகா, இந்தம்மா அடுத்த கேசைப் புடிச்சுருச்சு" என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"ஐயா, நான் அக்காவை மன்னிச்சேன்னு சொன்னீங்களே. அங்க மன்னிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. அவங்க தப்பு செய்யல. ஆஸ்பத்திரியில அவங்களைப் பொய் சொல்லச் சொன்னது நானு. அவங்க சொல்லல. அதுக்காக இத்தனை வருசம் அவங்களைக் கடைசியில உக்கார வெச்சுட்டு நான் வந்து தின்னுட்டுப் போனேன். கடைசியில அவங்க என்னைக் கேட்டாங்க, நானும் பெரிய மனுசியாட்டம் உட்டுட்டேன்னு சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. போதகர் முகம் வெளுத்தது. பாவம், அவர் பிரசங்கமும் போயிற்று. பிறகு கேட்டார்: "அப்ப நாளைக்குத் திருவிருந்து எடுக்கறீங்களாம்மா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. நானும் கடைசிப் பாயில் உட்கார்ந்துகொள்கிறேன், அதுதான் எனக்குத் தண்டனை என்று. ஆனால் எனக்கு நானே தீர்ப்பு எழுதினால் அதிலும் பெரிய மனுசி நான்தானே. உங்கள் குரலில் எனக்குள் ஒன்று கேட்டது: வேற ஆளை அனுப்பாத, நீ வந்து நில்லு.

"எடுக்கறேனுங்க" என்றேன்.

நேற்றுப் போய் நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். இத்தனை வருடம் அந்த இடத்தில் நிமிர்ந்து நின்றவள். நேற்று அப்பத்துக்குக் கையை நீட்டவே முடியவில்லை. என் தப்பு முழுக்க வெளியே கிடக்க, யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. செய்தவள் இன்னாள் என்று தெரிந்தே கொடுத்தார்கள். மன்னிப்பு என்றால் இதுவா, அக்கா? இத்தனை பயமாகவா இருக்கும்?

வெளியே வந்தபோது மகன் பைக்கை எடுத்துக்கொண்டு நின்றான். "என்னம்மா, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது?"

"வெக்கம்டா."

"இந்த வயசுலயா?"

"இப்பத்தான் வந்துருக்குது. இருந்துட்டுப் போகுது உடு."

அவன் குனிந்து என் செருப்பை நான் போட்டுக்கொள்ள வாகாய்த் திருப்பி வைத்தான். ஏறி உட்கார்ந்தேன், அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த வெட்கம் இன்றைக்கும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.