லெட் யூ கோ

மாமாவுக்கு,

பஸ் காசோடு உன் சட்டைப் பையில் இதை வைக்கிறேன். உத்திரமேரூரில் பஸ் மாறும் முன் படி. கம்பெனிக்குப் போகாதே.

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு லீவு கேட்டாய். "மேனேஜரு ‘லெட் யூ கோ’ன்னாருடீ. போய்ட்டு வான்னு வுட்டுட்டாரு!" என்று சிரித்துக்கொண்டே வந்தாய். விருந்துக் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. இன்று காலையிலும் முடியவில்லை.

காலேஜில் அதற்கு வேறு அர்த்தம் படித்தேன். உன்னை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள். போன மாசம் கம்பெனி கக்கூஸுக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்டாயே, அதற்காக உன்னைத் துரத்தும்போதும் இங்கிலீஷில் எவ்வளவு மெத்தென்று பேசுகிறார்கள், பார்!

கேட்டில் உன்னைத் தனியாக நிறுத்திச் சிரிப்பார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே இரு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். இரண்டு பேருமாகப் போய், ஏன் தூக்கினாய் என்று அந்த மேனேஜரைக் கேட்போம். அவன் தமிழில் பதில் சொல்லட்டும்.

உன் பொண்டாட்டி