எல்லா மோட்டாரும் ஆட்டோவில்

ஜூன் 13
மேட்டூர் அணையை நேற்று திறக்கவில்லை. இனி போர்வெல் தண்ணீர்தான். ஊரார் வயலில் கூலிக்கு நட்டே வயசு போன அப்பா, முதல் தடவையாகக் குத்தகைக்கு எடுத்து நட்ட குறுவை இது. காலையில் வரப்பில் நின்று பயிரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். காதில் விழவில்லை.

ஜூன் 16
மும்முனை கரண்ட் எப்போது வரும், எப்போது போகும், யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் மோட்டாரை ஆட்டோ சுவிட்சில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓடும். ஊருக்கே ஒரு டிரான்ஸ்பார்மர். அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால்? கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பாலிடெக்னிக்கை விட்டு ஓடி வருவதற்குள் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான்.

பக்கத்து வயல் வைரக்கண்ணுவின் தண்ணீர் வழிந்து வடிகாலில் ஓடுகிறது. நிறுத்த ஆளில்லை. கரண்ட் இலவசம்தானே.

ஜூன் 18
டீக்கடையில் சொல்லிவிட்டேன். "வாய்க்கா தண்ணிக்கு முறை வச்சோம்ல, கரண்டுக்கும் வைப்போம். ஆட்டோவ எடுத்துடுங்க."

"பாதியில ஓடியாந்தவன் பாடம் நடத்துறான்டா" என்றார் வைரக்கண்ணு. ஒரே சிரிப்பு. "மொதல்ல உங்கப்பன் மோட்டார்ல எடு தம்பி. ஊரு பின்னாலயே வரும்."

எடுத்தேன்.

ஜூன் 20
ஊர் வரவில்லை. கரண்ட் வந்து நான் ஓடிப்போய் சுவிட்சைப் போடுவதற்குள் வோல்டேஜ் விழுந்துவிட்டது. மோட்டார் முனகியது. தண்ணீர் ஏறவில்லை.

"ஊரு திருந்துறதுக்கு நம்ம பயிரு காயணுமாடா?" என்றார் அப்பா.



ஜூன் 21
டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது.

ஜூன் 25
மின்சார ஆபீஸ் சுவரில் ஒரு போஸ்டர்: மின்சாரத்தைச் சேமிப்போம். பக்கத்திலேயே இன்னொன்று: புதிய மின் நிலையம், இத்தனை மெகாவாட். இதுல எதுண்ணே நெசம் என்று லைன்மேன் மருதையனைக் கேட்டேன்.

"ரெண்டையும் நான்தான் ஒட்டுனேன்."

"டிரான்ஸ்பார்மர்?"

"வரிசையில இருக்கு தம்பி."

ஜூலை 2
வைரக்கண்ணு டீசல் எஞ்சின் வைத்து இறைக்கிறார். நமக்கு ஆகிற காரியமா? வயல் வெடித்துக் கிடக்கிறது, விரல் உள்ளே போகிறது. அப்பா வரப்புக்குப் போவதில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டித் தொலைச்சாத்தான் என்ன?

ஜூலை 6
டிரான்ஸ்பார்மர் வந்தது, பழையதைவிடப் பெரிசு. சூடம் கொளுத்தி வெடி போட்டார்கள்.

"கேட்டா குடுக்குறாங்க பாத்தியா? முறை வைக்கிறானாம் முறை" என்றார் வைரக்கண்ணு.

எங்கள் வயலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஜூலை 15
பெரிய டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டதாம், பெரிய மோட்டார் இறக்குகிறார்கள். வைரக்கண்ணு முதல் ஆள். மாட்டித் தர என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீ கரண்டு படிச்சவன்ல?"

அப்பா திங்கட்கிழமையிலிருந்து அவர் வயலுக்குத்தான் கூலிக்குப் போகிறார். நான் எந்த மூஞ்சியோடு மாட்டேன் என்பது?

ஜூலை 19
வைரக்கண்ணுவின் கொட்டகையில் வேலை முடிந்தது. "ஆட்டோ போட்டியா?" என்றார். போட்டிருந்தேன்.

கரண்ட் வந்தது. ஊர் மோட்டார் அத்தனையும் ஒரே நொடியில் கிளம்பின. புது டிரான்ஸ்பார்மர் ஒரு முனகு முனகியது. வயலில் உரம் தூவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து உரத்தை அள்ளினார்.