படகுக்கு மெத்தைக் கம்பெனி கிடைத்த கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே நலம், காரும் நலம், மழை வந்தால் அப்பாவின் முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. நீ தரையிலும் நலம், தண்ணீரிலும் நலம் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசிவிடுவாய், கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. எங்காவது ஒழுங்காக உட்கார்ந்து படி, கயிற்றில் தொங்கிக்கொண்டு படிக்காதே. விஷயம் என்னவென்றால் உன் பந்தயத்துக்கு ஸ்பான்சர் கிடைத்துவிட்டது. குதிக்காதே, முழுவதும் கேள்.

தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றப் போகிறேன், செலவை ஏற்க ஒரு கம்பெனி வேண்டும் என்று படமெல்லாம் போட்டு ஒரு அறிக்கை தயாரித்தாய் அல்லவா? "சும்மா ஒரு தடவை படிச்சுப் பாரும்மா, பிழை இருந்தா சொல்லு" என்று எனக்கும் அனுப்பினாய். பாங்க்காரர்கள், கடிகாரக்காரர்கள், குளிர்பானக்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல உனக்கு வாழ்த்து மட்டும் அனுப்பியிருந்தார்கள். வாழ்த்தைத் தின்றா படகு ஓடும்? உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த அறிக்கையைக் கலரில் பிரதி எடுத்து, நம் டிரைவிங் ஸ்கூல் காரின் டேஷ்போர்டில் அடுக்கி வைத்துவிட்டேன். என்னிடம் கார் பழக வருகிறவர்கள் பாவம், கை ஸ்டீயரிங்கில், கண் ரோட்டில், காது மட்டும் சும்மாதானே இருக்கிறது. என் காலடியில் இன்னொரு பிரேக் வேறு இருக்கிறது, எங்கே ஓடிவிடுவார்கள்? பல் டாக்டர் அம்மாள் ஒருவர் நீ பல் தேய்க்கத் தண்ணீருக்கு என்ன செய்வாய் என்று கேட்டதோடு சரி. நல்ல கேள்விதான், உன் அறிக்கையிலும் அதற்குப் பதில் இல்லை.

அப்புறம்தான் மெத்தைக்காரர் வந்தார். ஊரில் பாதிப் பேர் அவர் கம்பெனி மெத்தையில்தான் படுக்கிறார்கள். டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் இந்த வயதில் தானே ஓட்டப் பழகுகிறார். ரவுண்டானா என்றால் அவருக்குக் குலை நடுக்கம். சரியாக அந்த இடத்தில் பார்த்து உன் கதையை ஆரம்பித்தேன். அவர் கியரைத் தேடிக்கொண்டே, "சரிங்க மேடம், சரிங்க, எதுவா இருந்தாலும் ஆபீஸுக்கு வாங்க, இப்ப இந்த லாரி மட்டும் போயிடட்டும்" என்றார். அவர் லாரிக்குப் பயந்து சொன்னதை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய் நின்றேன்.

அந்த ஆபீஸை நீ பார்க்க வேண்டுமே. வாசலில் இருந்தே புது ஃபோம் வாசனை, உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் நாற்காலிகள். அப்பா உட்கார்ந்தவர் உள்ளே போய்விட்டார், முழங்காலும் தலையும்தான் வெளியே தெரிந்தன. மெத்தைக்காரரோடு விளம்பரத்தைக் கவனிக்கும் பெண் ஒருத்தியும் இருந்தாள், உன் வயதுதான் இருக்கும், ஆனால் தலைவாரியிருந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வியே, "படகுல உங்க பொண்ணு எந்த மாதிரி மெத்தையில தூங்குவாங்க?" அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உன் அம்மாவுக்கு அது என்றைக்கு வந்தது? படகில் மெத்தையாவது கட்டிலாவது, மூட்டை மாதிரி ஒன்றில் சாய்ந்து கோழித்தூக்கம்தான், காதோரம் அலாரம் அலறும், எழுந்து படகின் பாயைப் பார்த்துவிட்டு மறுபடியும் கண் அசருவாள், மாதக்கணக்கில் இப்படித்தான் என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். நிம்மதியான தூக்கம் என்று ஊர் முழுக்கப் போர்டு வைத்திருக்கிற கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு! அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் இருந்தால் பத்து மணி வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள் என்று உன் மானத்தை விற்றுக்கூடச் சமாளித்துப் பார்த்தேன். மெத்தைக்காரர் உனக்கு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாழ்த்து வந்தால் கதை முடிந்தது என்று நமக்குத்தான் தெரியுமே.

அப்போது நாற்காலிக்குள் இருந்து உன் அப்பாவின் குரல் வந்தது. மருந்துக்கடைக் கவுண்டரில் ஆயுசு முழுக்க "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா" என்பதைத் தவிர வேறு பேச்சு பேசாத மனிதர். "அவ அங்க தூங்காதது இருக்கட்டுங்க. அவ கடல்ல இருந்தா இங்க நாங்க தூங்குறதில்லையே, அதுக்கு உங்ககிட்ட மெத்தை இருக்கா?" என்றார். வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். உன் போன வருடப் பயிற்சிப் பயணத்தின்போது உன் படகு எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் அந்தச் சின்னப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே கிடந்ததையும், அது நகரவில்லை என்றால் என்னை எழுப்பியதையும், நான் ஏற்கெனவே விழித்திருந்ததையும் சொன்னார். விளம்பரப் பெண் மூக்கை உறிஞ்சிவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதியதுதான் இப்போது உன் தலையில் வந்து விடிந்திருக்கிறது. விளம்பரத்தில் நடிக்கப் போவது நீ இல்லையாம், நாங்களாம். கடலில் மகள், வீட்டில் மெத்தையில் அம்மா அப்பா, நடுவில் அந்தப் புள்ளி. பந்தயச் செலவு முழுவதும் அவர்களுடையது. பதிலுக்கு உன் படகின் பெரிய பாயில் ஒரு தலையணைப் படம் இருக்கும். மற்றவர்கள் சிங்கம் புலி என்று போட்டுக்கொண்டு வருவார்கள், நீ தலையணையோடு போவாய். நேற்று மாதிரிக்குப் படம் பிடிக்க மெத்தைக்காரரும் அந்தப் பெண்ணும் ஒரு போட்டோகிராபரோடு வீட்டுக்கே வந்தார்கள். கவலையாக விழித்திருங்கள் என்று அப்பாவிடம் சொன்னார்கள், புது மெத்தையில் சாய்ந்தவர் குறட்டை விட்டுவிட்டார். என்னை நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருக்கச் சொன்னார்கள். "கண்ணை மூடுங்கம்மா, கண்ணை மூடுங்கம்மா" என்று அந்தப் போட்டோகிராபர் கெஞ்சாத குறை. மூடினால் அலைதான் வருகிறது, அதில் நீ வருகிறாய். நான் என்ன செய்ய?

படம் பிடித்து முடித்ததும் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். எங்கள் இருவரின் கையெழுத்தும் இல்லாவிட்டால் கம்பெனி வராது. அப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டு உடனே போட்டுவிட்டார். எனக்குப் பேனா ஓடவில்லை. அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டு, "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம்மா, நாங்களே முடியாதுன்னு சொல்லிடுறோம்" என்றாள். உன்னிடம் மறைக்கவில்லை, ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு கையெழுத்து போடாமல் இருந்தால் போதும், நீ கரையில் இருப்பாய், பழியும் மெத்தைக்காரர் மேல் போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறதடி. கடலைவிட இந்தக் கம்பெனிக்காரர்களைப் பார்த்துத்தான் அதிகப் பயம். ஊரான் காசில் கிளம்பிவிட்டோமே, எப்படித் திரும்புவது என்று நீ யோசிப்பாய். பாய் கிழிந்தாலும், கை ஒடிந்தாலும், அந்தத் தலையணைக்காக முன்னால் போவாய். உன் ரோஷம் எனக்குத் தெரியாதா, பெற்றவளுக்கு?

அதனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எந்தக் காரணத்துக்காக, எந்த இடத்தில் நீ பந்தயத்தை விட்டாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது. அவர்கள் வக்கீல் போனிலேயே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அப்படியானால் என் முகம் உங்கள் மெத்தையில் இருக்காது என்று சொல்லிவிட்டேன். மெத்தைக்காரர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "இவங்க பிரேக் போட்டா வண்டி நகராதுய்யா, எழுதிக் குடு" என்றார். எழுதினார்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அப்பா மூன்று தடவை படித்துச் சரிபார்த்துவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் கையெழுத்துதான் பாக்கி. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு, பல் தேய்க்கத் தண்ணீருக்கு என்ன செய்வாய் என்று மறக்காமல் எழுது, டாக்டர் அம்மாள் விடமாட்டேன் என்கிறார். அந்த வரியைப் படித்ததும், இதெல்லாம் எனக்குத் தேவைப்படாது என்று சொல்வாய். தேவைப்படவே வேண்டாம், அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும். நீ நினைத்த காரியம் நினைத்தபடி நடக்க அம்மா அப்பா இருவரின் ஆசி எப்போதும் உண்டு. போய் வா மகளே. போவதை நான் சொல்லாவிட்டாலும் நீ செய்துவிடுவாய், வருவதற்குத்தான் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.

கண் மூடத் தெரியாத உன் விளம்பர நடிகை,
அம்மா