அடித்தண்ணீரும் அம்மாவின் கோபமும்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம், என் தொப்பை எங்கள் இருவரையும் விட நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வாய் என்று தெரியும். போன மாதம் நீ போனில் பேசும்போது பின்னால் தடாலென்று கேட்டதே ஒரு சத்தம், அது பூனை இல்லை கண்ணு, உன் அம்மா குளியலறைக் கதவைச் சாத்தியது. ஹீட்டரை அணைத்து, அதன் பியூஸையும் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என் மீனுங்க கிடக்கிற தண்ணியில நீங்களும் கொஞ்ச நாள் குளிச்சுப் பாருங்க, அப்பவாவது புரியுதா பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ ஐஸ். முதல் சொம்பு ஊற்றியதும் நான் போட்ட கூச்சலில், எனக்கு ஷாக் அடித்துவிட்டதென்று பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் கட்டையோடு ஓடிவந்தார். துண்டு கைக்கெட்டியதால் மானம் பிழைத்தது.

சண்டையின் ஆரம்பத்தைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். நான் அணையில் மதகு திறக்கிறவன், அவள் ஆற்றில் கொஞ்சம் கீழே மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்க்கிறவள், இது உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால் பண்ணை தொடங்கியதிலிருந்து இரண்டு கோடையாக அங்கே சினை மீன்கள் முட்டையே போடவில்லை. இந்தக் கோடையும் குஞ்சு பொரிக்காவிட்டால் பண்ணையை மூடிவிட்டு, அவளை ஒரு நாள் ரயில் தூரத்தில் இருக்கிற பண்ணைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அவள் அங்கே நான் இங்கே என்றால், மூக்குக்கண்ணாடி என் நெற்றியில்தான் இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வது? தண்ணி சில்லுனு இருக்குங்க, மீனுக்கு இது கோடைன்னே தெரியலை என்று தினமும் புலம்புவாள். நான் அணையில் படிக்கட்டோரம் கை நனைக்கிறவன், வெதுவெதுன்னு இருக்கே, உன் தெர்மாமீட்டர்தான் பழுது என்பேன். சொன்னதோடு விட்டேனா, கல்யாண நாளுக்குப் புதுத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். பியூஸ் பறிபோனது அன்றைக்குத்தான். உன் சித்தி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தப் பரிசையே தூக்கிக்கொண்டு அணைக்கு வந்துவிட்டாள். பாட்டிலுக்குள் தெர்மாமீட்டர், அடியில் ஒரு கல், நம் வீட்டுத் துணி காயப்போடுகிற கயிறு. மூடிக்குத் தனியாக ஒரு நூல், ஆழத்துக்குப் போனதும் சுண்டித் திறந்து தண்ணீர் பிடித்து விறுவிறுவென்று மேலே இழுத்தாள். மேல்தண்ணீர் இருபத்தேழு டிகிரி, அடித்தண்ணீர் பதினாலு. இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். வெயில் மேலேதான் சுடும், அடித்தண்ணீர் குளிர்காலத்துக் குளிரோடு அப்படியே கிடக்கும், நாங்கள் மின்சாரத்துக்காக டர்பைனைச் சுற்றவைத்து ஆற்றில் விடுவது அந்த அடித்தண்ணீரை. ஆக, இத்தனை கோடையும் நான் ஆற்றுக்குக் குளிர்காலத்தை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதோடு நின்றாளா? சாயங்காலம் ஊரே லைட்டும் டிவியும் போட்டதும் தண்ணியைத் திறக்கிறீங்க, ஊர் தூங்கினதும் அடைச்சிடறீங்க, ஆறு என்ன மாடிப்படியா தினம் ஏறி இறங்க, ஆத்து மீன் தப்பித்தவறிக் கரையோரம் போடுற முட்டையும் விடிஞ்சா காஞ்சு கிடக்கு என்று ஒரு பிடி பிடித்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன், வாயைத் திறந்தால் என்னையும் கல் கட்டி இறக்கிவிடுவாளே.

பெரிய இன்ஜினியரிடம் இருவருமாகப் போனோம். நான் ஒரு போருக்கே தயாராகித் தொண்டையைக் கனைத்தால், அவர் சாவகாசமாக, மேல்தண்ணியை விடுற மேல் மதகு எதுக்கு இருக்கு, பண்ணையிலேர்ந்து யாராவது வந்து கேப்பீங்கன்னு நானும் பார்க்கிறேன், ஒருத்தரும் வரலையே என்றார். மதகும் மீனும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியும் இந்த லட்சணம். அம்மா என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். மேல் மதகு வழியாக விட்டால் அவ்வளவு தண்ணீருக்கும் மின்சாரம் கிடையாது, அதனால் முட்டைக் காலம் முடியும் வரைக்கும் மட்டும், ராப்பகல் ஒரே சீராக விடுவதென்று முடிவாயிற்று. வருஷக்கணக்கில் அசையாத மதகு, கிரீஸ் போட்டுப் போட்டு எனக்குப் புருவம் வரைக்கும் கிரீஸ். கடைசியில் அது கிறீச்சென்று அலறிக்கொண்டு திறந்தது, முதல் சொம்புக்கு நீங்க போட்ட சத்தம் மாதிரியே இருக்கு என்றாள் அம்மா.

அப்புறம் அவள் பண்ணையே கதியென்று கிடந்தாள். நான் வீட்டில் ரொட்டியைக் கருக்கித் தின்றுகொண்டு, பரண்மேல் இருந்த பெரிய பயணப் பெட்டியை அடிக்கடி அண்ணாந்து பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் வந்தாள், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள், படுத்துவிட்டாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்று காலை பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தால், ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. அங்கிருந்தே பொரிச்சிடுச்சா என்று கத்தினேன். லட்சக்கணக்கில, நீங்க முதல்ல குளிச்சிட்டு வாங்க என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

வெந்நீரில் குளித்த கையோடு இதை எழுதுகிறேன். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். உன் ஊர்க் குளிரில் தலையை ஈரத்தோடு விடாதே. அம்மாவுக்குத் தனியாகப் போன் பண்ணி மீனைப் பற்றிக் கேள், தெர்மாமீட்டரைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே.

பியூஸ் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில்,
உன் அப்பா